ஊர் இனச் சமநீதிக் குழு: கையில் ஒரு வரித் தீர்மானம்தான் இருக்கிறது, எங்கே தொடங்குவது?

புதுச்செயலர்:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, கரும்புக் காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். எந்த இனத்தார் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தை 1991இல் எடுத்துவிட்டார்கள், அது போட்ட கோடு மட்டும் அழியவில்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இந்தியர் வீடுகள், அந்தப் பக்கம் கருப்பர் குடியிருப்பான டவுன்ஷிப், மேட்டில் கடல் தெரிகிற மாதிரி வெள்ளையர் வீடுகள், ஆற்றோரம் தகரக் கொட்டகைகள்.

போன மாதம் கவுன்சில் தீர்மானம் போட்டு, சம்பளமில்லாத பதினொரு பேரை வைத்து ஓர் இனச் சமநீதிக் குழு அமைத்திருக்கிறது. செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. குழுவின் வேலை பற்றித் தீர்மானத்தில் இருப்பது ஒரே வரிதான்: சமூக நல்லிணக்கம் குறித்து ஆலோசனை சொல்லும். பணம், அறை, அதிகாரம் எதைப் பற்றியும் பேச்சே இல்லை.

முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு திசை. செப்டம்பர் 24 பாரம்பரிய தினமான ஹெரிடேஜ் டேக்குச் சாப்பாடும் ஆட்டமுமாக விழா வைப்போம் என்றார் ஒருவர். 2021 ஜூலைக் கலவரத்தைப் பேசாமல் வேறெதையும் பேசக் கூடாது என்றார் இன்னொருவர். பாகுபாட்டுப் புகார்களை நாமே வாங்கி விசாரிப்போம் என்றார் மூன்றாமவர். இது போதாதென்று, இந்தியர் பக்கத்துக்கு உள்ளேயே தமிழருக்கு எத்தனை இடம், தெலுங்குக்காரருக்கு எத்தனை, இந்திக்காரருக்கு எத்தனை, முஸ்லிம்களுக்கு எத்தனை என்று ஒரு கணக்கு ஓடுகிறது.

இப்போது ஆகஸ்ட் முதல் வாரம். எதை முதலில் எடுப்பது? எண்கள் எங்கே கிடைக்கும்? புகார் வந்தால் என்ன செய்வது? எல்லாப் பக்கத்து ஆட்களும் கூட்டத்துக்கு வர என்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கேடு:

ஆகஸ்ட் முதல் வாரம் என்றால் நல்ல நேரம். ஏப்ரல் கடைசியில் கேட்டிருந்தால் அந்த வருடத்தைக் கைகழுவிவிட்டு அடுத்த வருடத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். காரணம் கீழே.

முதலில் தீர்மானத்தைத் திருத்த வையுங்கள். 2000ஆம் ஆண்டின் 32ஆம் எண் முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டம், பிரிவு 17(4): கவுன்சிலர் அல்லாதவர்களைக் கொண்டு ஆலோசனைக் குழு அமைக்கக் கவுன்சிலுக்கு உரிமை உண்டு, ஆளைப் போடும்போது ஆண் பெண் பிரதிநிதித்துவத்தைக் கவனிக்க வேண்டும். உங்கள் குழு நிற்கிற தரை அதுதான். வார்டு கமிட்டி வேறு. அது 1998ஆம் ஆண்டின் 117ஆம் எண் ஸ்ட்ரக்சர்ஸ் சட்டத்தில் 73ஆம் பிரிவு, வார்டு கவுன்சிலர் தலைவராகவும் கூடவே பத்துப் பேர் வரையும் இருப்பது. இந்த வித்தியாசம் புரியாமல் அதிகாரத் தொனியில் ஒரு கடிதம் போட்டால் முனிசிபல் மேனேஜர் அலுவலகம் அதை ஃபைலில் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அவர்கள் மேல் குறை சொல்லவும் முடியாது.

திருத்தம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதில் கட்டாயம் வர வேண்டியவை: எந்தப் பிரிவின் கீழ் அமைந்தது, எத்தனை வருடக் காலம், உங்கள் காகிதங்களை வாங்கிக்கொள்ளும் அதிகாரியின் பதவி (பெயர் வேண்டாம், ஆள் மாறும்), பயணச் செலவு யார் தருவது. இவற்றை விட முக்கியம் இரண்டு வரி. குழுவின் அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவுன்சில் நிகழ்ச்சி நிரலில் தனி எண்ணோடு வரும். பரிந்துரைக்கு 30 நாளில் எழுத்தில் பதில் வரும், ஏற்க முடியாது என்றால் காரணத்தோடு. இந்த இரண்டும் கிடைத்தால் அறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நூலகத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொள்ளலாம்.

இனி நாட்காட்டி. முனிசிபாலிட்டியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டின் 56ஆம் எண் முனிசிபல் நிதி மேலாண்மைச் சட்டப்படி, அதற்குப் பத்து மாதம் முன்பே, அதாவது ஆகஸ்ட் கடைசிக்குள், பட்ஜெட்டையும் ஐடிபியையும் (முனிசிபாலிட்டியின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம்) எந்தத் தேதியில் என்ன செய்யப்போகிறோம் என்ற அட்டவணையை மேயர் கவுன்சிலில் வைக்க வேண்டும். அந்த அட்டவணையில் "இனச் சமநீதிக் குழுவுடன் கலந்தாலோசனை" என்று ஒரு வரியை, தேதியோடு, இப்போதே போடச் சொல்லுங்கள். அக்டோபர் அல்லது நவம்பர் தேதியாக வாங்குங்கள். அதன் பிறகு ஜனவரி 25க்குள் அரையாண்டு மதிப்பீடு வரும். எந்த வேலைக்கு ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடக்கிறது என்று அதில் தெரியும். பிப்ரவரியில் திருத்த பட்ஜெட். மார்ச் 31க்குள் அடுத்த வருட வரைவு பட்ஜெட். ஏப்ரலில் மக்கள் கருத்துக் கேட்பு. மே 31க்குள் இறுதி ஒப்புதலுக்கு வரும்.

பெரும்பாலான குழுக்கள் ஏப்ரல் கூட்டத்துக்குப் போய் மைக்கைப் பிடித்துத்தான் முதல் தடவை பேசுகின்றன. அந்த நேரத்தில் வரைவு ஏறக்குறைய உறைந்துவிடும். பேசியதற்குக் கிடைக்கிற பதில் "குறித்துக்கொள்ளப்பட்டது" என்ற ஒற்றைச் சொல். 23ஆம் பிரிவுப்படி வந்த கருத்துகளைக் கவுன்சில் பரிசீலிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் "எங்கள் பகுதியைக் கவனியுங்கள்" என்பதைப் பரிசீலிக்க அதில் என்ன இருக்கிறது? எந்த வரி, எந்த வார்டு, எவ்வளவு ரேண்ட், எங்கிருந்து மாற்றலாம், இந்த நான்கும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் நிதி அதிகாரி பேனாவை எடுப்பார்.

இன்னொரு குழி: எது யார் கையில் என்பது. அரசியலமைப்பின் 4ஆம், 5ஆம் அட்டவணைகளின் 'பி' பகுதியைப் பிரதி எடுத்துக் கூட்ட அறையில் ஒட்டி வையுங்கள். தெருவிளக்கு, குப்பை, முனிசிபல் சாலை, பூங்கா, விளையாட்டுத் திடல், இடுகாடு, சுடுகாடு, தெருக்கடை எல்லாம் உள்ளூர் வேலை. பள்ளிக்கூடம் மாகாணம். தண்ணீர் நமது குவாசுலு-நட்டால் மாகாணத்தின் பல சின்ன ஊர்களில் மாவட்ட முனிசிபாலிட்டியின் கையில். டவுன்ஷிப் ஆட்கள் முதலில் பேசப்போவது தண்ணீரைத்தான். உங்கள் கவுன்சில் அதற்கு "எங்களுடையது இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடும், குழுவின் மேல் இருந்த நம்பிக்கையும் அன்றோடு போகும். அதற்கு முன்பே மாவட்டத்தின் ஐடிபி கூட்டத் தேதியை வாங்கி வைத்திருங்கள்.

இடப் பங்கீடு பற்றி: மொழி பார்த்துப் பிரிக்காதீர்கள், வசிக்கும் பகுதி பார்த்துப் பிரியுங்கள். ஆற்றோரக் கொட்டகையிலிருந்து இரண்டு பேர் இல்லாத குழுவில் தமிழருக்கு மூன்று இடம் இருந்தும் ஒன்றும் ஆகாது.

நூலகத்துக்காரி:

கணக்கேடு அண்ணா சொன்ன "ஒரே பக்கம்" எழுத எண்கள் வேண்டும். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆட்களை எண்ண வேண்டாம், இடங்களை எண்ணுங்கள். ஊரை ஆறு ஏழு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழைய குரூப் ஏரியாஸ் எல்லை உங்களுக்கே தெரியும், பெரும்பாலும் ரயில் பாதை, ஆறு, தொழிற்பேட்டை இவைதான் எல்லை. தனி ஆளின் இனத்தை எழுதி வைப்பது 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் தனியுரிமைச் சட்டமான பொப்பியாவில் சிறப்புத் தகவல், 26ஆம் பிரிவு தடுக்கிறது. 29இல் விலக்கு இருக்கிறது, ஆனால் தன்னார்வக் குழு அதை நம்பி ஏன் சிக்கலில் மாட்ட வேண்டும்? வருகைப் பதிவேட்டில் இனக் கட்டம் போடாதீர்கள், பகுதியின் பெயரைக் கேளுங்கள், போதும்.

மக்கள்தொகைக்கு 2022 சென்சஸை எடுக்கும்போது ஜாக்கிரதை. நாடு முழுக்க எண்ணிக்கையில் விடுபட்டவர்கள் சுமார் 31 விழுக்காடு என்று அரசின் புள்ளியியல் துறையான ஸ்டாட்ஸ் எஸ்.ஏ.யே சொல்லிச் சரிக்கட்டியிருக்கிறது. தேசிய அளவுக்கு அது சரி. ஒரு சின்ன ஊரின் ஒரு மூலைக்கு அந்த எண்ணை வைத்து வாதாடினால் எதிரில் இருப்பவர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். முனிசிபாலிட்டியின் சொந்தப் பதிவேடுகளே வலுவானவை. தங்கள் பதிவேட்டை அவர்களே மறுக்க முடியாது.

அதை வாங்குவது தகவல் கேட்டுப் பெறும் சட்டமான பாயாவில், 2000ஆம் ஆண்டின் 2ஆம் எண். படிவம் 2 நிரப்பி, தகவல் அதிகாரிக்கு, அதாவது முனிசிபல் மேனேஜருக்குக் கொடுங்கள். 30 நாள் அவகாசம். ஒரு தடவை இன்னும் 30 நாள் நீட்டலாம். பதிலே வராவிட்டால் மறுத்ததாகக் கணக்கு, அதற்கு 60 நாளுக்குள் உள் மேல்முறையீடு. தவறு நடப்பது கேட்கிற விதத்தில். "ஏன் எங்கள் பக்கம் விளக்கு எரிவதில்லை" என்று எழுதினால் அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று பதில் வரும், சட்டப்படி சரியான பதில்தான். இப்படி எழுதுங்கள்: "கடந்த இரண்டு நிதியாண்டுகளின் தெருவிளக்குப் பழுதுப் பதிவேடு. நெடுவரிசைகள்: புகார் வந்த தேதி, தெரு, பழுது நீக்கிய தேதி. எக்ஸெல் வடிவில்." ஆட்களின் பெயர், தொலைபேசி எண்ணை நீக்கித் தரச் சொல்லி நீங்களே எழுதிவிட்டால் மறுக்க ஒரு காரணம் குறையும்.

வந்ததும் பகுதிவாரியாக எத்தனை நாளில் சரியானது என்று பாருங்கள். சராசரி போடாதீர்கள். எங்கோ மறந்துபோன ஒரு கம்பம் நானூறு நாள் கிடந்தால் அந்தப் பகுதியின் சராசரியே கோணலாகிவிடும். நாட்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள்.

அந்தப் பதிவேட்டிலும் ஒரு பொய் ஒளிந்திருக்கும். புகார் சொல்லாத இடத்தில் பழுதே இல்லை என்று அது காட்டும். முனிசிபல் கணக்கு எண் இல்லாதவரிடம் புகார் வாங்காத கவுன்ட்டர்கள் உண்டு. ஏர்டைம் செலவழித்துக் காத்திருக்க முடியாதவர்கள் உண்டு. அதனால் ஒருநாள் இரவு ஏழரைக்கு மேல் இரண்டிரண்டு பேராக வண்டியில் போய் எண்ணுங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் கோடு போட. எரிவது, எரியாதது, கம்பமே இல்லாத நீளம், மூன்று கட்டம் போதும்.

எண்ணும்போது கவனிக்க வேண்டியது ஹை-மாஸ்ட். டவுன்ஷிப்பில் பல இடங்களில் வீட்டு வாசல் கம்பம் கிடையாது, மைதான விளக்கு மாதிரி உயரமான ஒரே கோபுரம்தான். இந்தியர், வெள்ளையர் பகுதிகளில் வீதிக் கம்பம். பதிவேட்டில் இரண்டும் "ஒரு விளக்கு". இங்கே ஒரு கம்பம் அணைந்தால் நாலு வீட்டு வாசல் இருட்டு. அங்கே ஒரு கோபுரம் அணைந்தால் ஒரு பகுதியே இருட்டு. கம்பத்தை எண்ணினால் இரண்டு பக்கமும் சமம் என்று வரும். இருட்டில் நிற்கும் வீட்டை எண்ணினால்தான் நிஜம் தெரியும். சில இடங்களில் டவுன்ஷிப்புக்கு மின்சாரம் அரசு மின்நிறுவனமான எஸ்கொம் நேரடியாகத் தருகிறது, ஊருக்கு முனிசிபாலிட்டி தருகிறது. அப்படியானால் கோபுரத்தை யார் சரிசெய்வது என்று இருவரும் கைகாட்டிக்கொண்டே இருப்பார்கள். எழுதுவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

விளக்கை விட எளிதான ஒன்று கட்டணப் பட்டியல். ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டோடு வெளியிடுவார்கள், பாயாகூடத் தேவையில்லை. ஊர் மண்டப வாடகைப் பக்கத்தைத் திறந்து நிபந்தனைகளைப் படியுங்கள். "விண்ணப்பிப்பவரின் முனிசிபல் கணக்கு பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா? இனத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. ஆற்றோரக் கொட்டகையில் இருப்பவருக்குப் பாக்கி இருக்காது, கணக்கே இருக்காது. அந்த ஒரு வரியால் கல்யாணம், இரங்கல் கூட்டம், பள்ளிக்கூட விழா எதற்கும் அந்தப் பக்கத்தார் மண்டபத்தை எடுக்க முடியாது. அதே பட்டியலில் புதைகுழிக் கட்டணத்தையும் தகனக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்மில் இந்துக்கள் பெரும்பாலும் எரிப்பவர்கள், ஆப்பிரிக்கர்களும் முஸ்லிம்களும் புதைப்பவர்கள். எந்தக் கட்டணம் எத்தனை விழுக்காடு ஏறியது என்று மூன்று வருடப் பட்டியலை ஒப்பிட்டால் அரை நாளில் தெரிந்துவிடும்.

தேநீர்மேசை:

கூட்டத்துக்கு ஆள் வராததற்கு ஆர்வமில்லை என்று காரணம் சொல்வார்கள். தொண்ணூறு சதவீதம் காரணம் நேரமும் டாக்சியும்தான்.

வெள்ளி மதியம் வைத்தால் முஸ்லிம்கள் ஜும்மாவில் இருப்பார்கள். சனிக்கிழமை வைத்தால் ஜூலு மக்களின் சபையான ஷெம்பே சபையினர் வர மாட்டார்கள், அவர்களுக்கு சனிதான் ஓய்வுநாள், நம் வட கரையில் அவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. ஞாயிறு காலை சர்ச். வாரநாள் மாலை ஏழு மணி இந்தியர் பக்கத்துக்கு வசதி, ஆனால் டவுன்ஷிப்புக்குத் திரும்பிப் போகிற மினிபஸ் டாக்சி இருட்டினால் அருகிவிடும். மீதி இருப்பது ஞாயிறு மதியம் இரண்டு மணி, நாலரைக்கு முடிவு. மாதக் கடைசி ஞாயிறு வேண்டாம், சாவு வீடு, கல்யாணம், சம்பளச் செலவு எல்லாம் அன்றைக்குத்தான். தை மாதக் காவடி, புனித வெள்ளியையொட்டிய தீமிதி, ஜனவரியில் ஷெம்பே சபையின் மலை யாத்திரை, ரம்ஜான், இந்தத் தேதிகளை முதலிலேயே நாட்காட்டியில் அடித்துவிடுங்கள்.

இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே மண்டபத்தில் ஆறு கூட்டம் நடந்தால் அந்தப் பகுதியின் குழுவாகவே ஊர் அதைப் பார்க்கும். டாக்சிக் காசைக் கூட்டம் முடிந்த பிறகு தருவதாகச் சொல்லாதீர்கள். கையில் காசில்லாதவர் வீட்டைவிட்டே கிளம்ப மாட்டார். முதல் நாளே பகுதிப் பிரதிநிதியிடம் கொடுத்துவிடுங்கள்.

மொழி. சிஸ்டம்ஸ் சட்டம் 18(2) மக்கள் பேசும் மொழியைக் கவனிக்கச் சொல்கிறது, 17(3) எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் தேவையைக் கவனிக்கச் சொல்கிறது. நடைமுறையில் கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கி, கடைசியில் "ஜூலுவில் யாராவது சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்று முடியும். அப்படி முடித்தால் பாதிப்பேர் சாட்சிகளாக மட்டும் உட்கார்ந்திருந்தார்கள் என்று அர்த்தம். தலைகீழாக்குங்கள்: முதலில் ஜூலு, பிறகு ஆங்கிலம். வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றிச் சொன்னால் நேரம் இரண்டு மடங்காகும், ஆகவே நிகழ்ச்சி நிரலைப் பாதியாக்குங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மூன்று விஷயத்துக்கு மேல் போகாது. மொழிபெயர்ப்பவர் குழு உறுப்பினராக இருக்கக் கூடாது, அவர் தன் கருத்தையும் சேர்த்துப் பெயர்ப்பார், வேண்டுமென்றே இல்லாவிட்டாலும்.

சாப்பாடு வைத்தால் மாட்டிறைச்சி வேண்டாம், பன்றி வேண்டாம், பீன்ஸ் கறியும் ரொட்டியும் எல்லோருக்கும் ஆகும். செலவும் குறைவு. இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒருதடவை தட்டைத் தொடாமல் எழுந்து போனவரைப் பார்க்க வேண்டும்.

கணக்கேடு அண்ணா விழாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, பிடிக்கவில்லை என்று தெரிகிறது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ஹெரிடேஜ் டே விழாவைக் குழு நடத்த வேண்டாம், சரி. ஆனால் ஊரே அன்றைக்குத் திடலில் கூடும்போது அங்கே ஒரு மேசை போட்டு, பெரிய வரைபடத்தை விரித்து, "எங்கே இருட்டு, எங்கே குப்பை வண்டி வருவதில்லை" என்று ஒட்டுப்பொட்டு வைக்கச் சொல்லலாமே. எழுதத் தெரியாதவரும் பொட்டு வைப்பார். நூலகத்துக்காரி அக்கா கேட்கிற எண்ணுக்கு அது பாதிப் பதில்.

கணக்கேடு:

மேசைக்குச் சம்மதம். மேடைக்குத்தான் இல்லை.

நடுவழி:

புகார்களைப் பற்றியும் 2021ஐப் பற்றியும் யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

குழு புகாரை விசாரிக்கக் கூடாது. சாட்சியை அழைக்கிற அதிகாரம் உங்களுக்கு இல்லை, சட்டப் பாதுகாப்பும் இல்லை. "இன்னார் இனவெறி காட்டினார்" என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டால் அவதூறு வழக்கு செயலாளர் வீட்டு வாசலுக்கு வரும். உங்கள் வேலை, வந்தவரைச் சரியான கதவுக்குக் காலம் தாழ்த்தாமல் அனுப்புவது.

வேலையிடத்துப் பாகுபாடா? அது 1998ஆம் ஆண்டின் 55ஆம் எண் எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டம், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சிசிஎம்ஏவுக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வேலைநீக்கம் என்றால் 30 நாள்தான். கடை, பள்ளி, வாடகை வீடு, மண்டபம், பொது அலுவலகம் இவற்றில் நடந்ததா? அது 2000ஆம் ஆண்டின் 4ஆம் எண் சமத்துவச் சட்டம், உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டே அதற்குச் சமத்துவ நீதிமன்றம். படிவம் 2 நிரப்பிக் கிளார்க்கிடம் கொடுக்க வேண்டும், கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. முகாந்திரம் இருப்பதாகத் தெரிந்தால் பாகுபாடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்ப்பக்கத்துக்குப் போகும், 13ஆம் பிரிவு. மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுப்பதும் இலவசம். அடிக்கடி நடக்கிற தவறு, வேலையிடத்துப் புகாரைச் சமத்துவ நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது. இது இங்கே வராது என்று திருப்பி அனுப்புவதற்குள் ஆறு மாதமும் முடிந்திருக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் வையுங்கள்: வந்த தேதி, பகுதி, எந்த வகை, எங்கே அனுப்பினீர்கள், மூன்று மாதம் கழித்து என்ன ஆனது. பெயர் வேண்டாம். ஒரே பகுதியிலிருந்து ஒரே மாதிரி ஐந்து வந்தால் அது தனியாள் புகாராக நிற்காது, ஏதோ ஒரு விதியின் கோளாறு. அப்போதுதான் குழுவின் வேலை வருகிறது.

மண்டப நிபந்தனை மாதிரி விஷயத்தில், இனத்தின் பெயரே இல்லாத விதி எப்படி இனப்பாகுபாடு ஆகும் என்று கவுன்சிலில் யாராவது கேட்பார்கள். பதிலுக்கு 1998ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு, பிரிட்டோரியா சிட்டி கவுன்சிலுக்கும் வாக்கருக்கும் நடந்த வழக்கு. பழைய வெள்ளையர் பகுதிக்கு மீட்டர்படிக் கட்டணம், கருப்பர் டவுன்ஷிப்புகளுக்கு ஒரே சீர் கட்டணம், பாக்கி வசூல் நடவடிக்கையோ ஒரு பக்கத்தில் மட்டும். பகுதியை வைத்துப் பிரித்தாலும், பகுதிகளே இனவாரியாக உருவானவை என்பதால், அது மறைமுக இனப்பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. கட்டண வித்தியாசத்தை நியாயம் என்று விட்டுவிட்டது, தெரிந்தெடுத்து வசூலித்ததைத்தான் நியாயமில்லை என்றது. அந்த இரண்டாவது பாதியையும் சேர்த்தே சொல்லுங்கள். வித்தியாசமாக நடத்துவதெல்லாம் தப்பு என்று தீர்ப்பு சொல்லவில்லை, எதிர்ப்பக்கத்து வக்கீலுக்கு அது தெரியும்.

2021 ஜூலை. அந்தக் கலவரத்தில் குவாசுலு-நட்டால், கௌடெங் இரண்டு மாகாணத்திலும் சேர்த்து 350 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் 36 சாவு டர்பனில் இந்தியர் மிகுந்த ஃபீனிக்ஸ் பகுதியில். மனித உரிமை ஆணையம் விசாரணை நடத்தி 2024 ஜனவரியில் அறிக்கையும் கொடுத்தது. பதினொரு தன்னார்வலர்கள் ஞாயிறு மதியத்தில் அதை மறுபடி விசாரிக்க முடியாது. பேசவே கூடாது என்றும் முடியாது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்-இந்தியர் கலவரத்தில் 142 பேர் இறந்ததை இன்றும் வீடுகளில் குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள், பேசாமல் விட்டது எங்கும் போகவில்லை. ஆகவே நடைமுறையாக எடுங்கள்: அடுத்த தடவை வாட்ஸப்பில் "அவர்கள் வருகிறார்கள்" என்ற குரல்பதிவு ஓடினால், இரண்டு பக்கத்திலும் யார் யாருக்கு போன் செய்து உறுதிப்படுத்துவது? பகுதிக்கு இரண்டு எண், காவல் நிலையம், போலீசும் ஊராரும் சேர்ந்த கம்யூனிட்டி போலீசிங் ஃபோரம், டாக்சி சங்கம். காகிதத்தில் அச்சடித்து, ஏனென்றால் அன்றைக்கு மின்சாரம் இருக்காது. தெருவில் தடை போட்டு வருகிறவர் போகிறவரைச் சோதிக்க எந்தக் குடியிருப்போருக்கும் உரிமை இல்லை என்று இரண்டு மொழியிலும் ஒரு வரி. இதை மூன்றாவது நான்காவது கூட்டத்தில் எடுங்கள். ஒருவர் இன்னொருவரை நம்பி ஒரு விளக்கையாவது எரிய வைத்த பிறகு.

புதுச்செயலர்:

எல்லோருக்கும் நன்றி. கட்டணப் பட்டியலைப் பார்த்தேன். மண்டபப் பக்கத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது. அதையே முதல் பரிந்துரையாக வைக்கலாமா? என்ன மாற்றம் கேட்பது? வார்டு கவுன்சிலரின் கடிதம் இருந்தால் போதும் என்று போடலாம் என்கிறார் எங்கள் தலைவர். இன்னொன்று, இந்தியாவிலிருந்து சமீபத்தில் வந்து கடை வைத்திருக்கும் தமிழர்கள் சிலர், நாங்களும் 'பிளாக்' கணக்கில் வருவோமா என்று கேட்கிறார்கள்.

நூலகத்துக்காரி:

கடைசிக் கேள்விக்கு: எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டத்தில் 'பிளாக்' என்பது ஆப்பிரிக்கர், கலர்ட் (கலப்பினத்தார்), இந்தியர் மூவரையும் சேர்த்தது. ஆனால் பிறப்பாலோ வம்சாவளியாலோ தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது 1994 ஏப்ரல் 27க்கு முன் குடியுரிமை வாங்கியிருக்க வேண்டும். சமீபத்தில் வந்தவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஆனால் சமத்துவச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு, அதற்குக் குடியுரிமை தேவையில்லை. இரண்டையும் குழப்பாமல் சொல்லுங்கள்.

கணக்கேடு:

தாராளமாக வையுங்கள். செலவே இல்லாத திருத்தம், முதல் பரிந்துரைக்கு அதுதான் நல்லது.

கவுன்சிலர் கடிதம் மட்டும் வேண்டாம். அப்புறம் மண்டபம் கட்சிக்காரருக்குத்தான் கிடைக்கும், ஒரு பூட்டை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்ட கதை. இப்படி எழுதுங்கள்: "முனிசிபல் கணக்கு உள்ளவர் பாக்கியின்றி இருக்க வேண்டும். கணக்கு இல்லாதவர் முகவரி பற்றிய உறுதிமொழிப் பத்திரத்தைக் கொடுக்கலாம்." அந்தப் பத்திரத்தைக் காவல் நிலையத்தில் காசில்லாமல் முத்திரை போட்டுத் தருவார்கள். டெபாசிட் தொகையையும் பாருங்கள். வாடகையை விட டெபாசிட் அதிகமாக இருந்தால் அதுவும் ஒரு பூட்டுதான். வறியோர் பதிவேட்டில் உள்ள குடும்பத்துக்குப் பாதி டெபாசிட் என்று இரண்டாவது வரி சேருங்கள். வருமானம் எவ்வளவு குறையும் என்று நிதி அதிகாரி கேட்பார், போன வருடம் மண்டபம் எத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்ற பதிவைப் பாயாவில் வாங்கிப் பதிலாக வையுங்கள். இந்த வாரமே படிவம் கொடுத்தால், 30 நாள் நீட்டினாலும் அக்டோபர் கூட்டத்துக்குக் கையில் இருக்கும்.